தாடி வளரும் மாதங்கள்

கார்த்திகை முதல் தேதி காலையில் திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கினால், கண்ணில் படுகிற ஆண்களில் பலர் கறுப்பு வேட்டியில் இருப்பார்கள். மாலை போட்டவர் மண்டல விரதம் 41 நாளும் முகத்தில் கத்தி படவிட மாட்டார். அந்த விரதம் முடிவதற்குள் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள்; தைப்பூசம் வரை அது. பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ சாம்பல் புதன் வந்ததும், பாளையங்கோட்டையிலிருந்து வருகிற கத்தோலிக்க வாடிக்கையாளர்கள் ஈஸ்டர் வரை தவக்காலத் தாடி வைப்பார்கள். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டுகிறவர்கள் காப்புக்கு முன்பே தாடியை விட்டுவிடுவார்கள்.

இதெல்லாம் பக்தி, எனக்கும் பக்தி உண்டு. ஆனால் மீனாட்சிபுரத்தில் மூன்று நாற்காலி போட்டு முடிதிருத்தும் கடை நடத்துகிறவன் இதை வாடகைக் கணக்கோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடைச் சுவரில் மூன்று காலண்டர் தொங்கும். அமாவாசையும் கரிநாளும் பார்க்க ஒன்று. மாதாகோயிலில் கொடுத்தது ஒன்று. பிறைக் கணக்குக்காக மேலப்பாளையத்து ஜவுளிக்கடையில் வாங்கி வந்தது ஒன்று. எந்த வாரம் கூடுதலாக ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும், எந்த வாரம் இருக்கிற ஆளையே ஊருக்கு அனுப்பலாம் என்பதை இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் பெருநாளுக்கு முந்தின ராத்திரியும் கடை அடைக்கும்போது விடிகாலை இரண்டு மணி ஆகிவிடும். அமாவாசையன்று மதியம் வரை ஈ ஓட்டலாம்.

காலண்டரில் வராத விரதங்களும் உண்டு. மனைவி மாசமாக இருந்தால் முடி வெட்டாத குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி கழியும் வரை கத்தி கிடையாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் தாடி ஒன்றுபோலத்தான் வளர்கிறது. ஒரு வாடிக்கையாளர் நெடுநாள் கழித்து முகமெல்லாம் மயிராக உள்ளே வந்தால், "என்ன அண்ணாச்சி, ஆளையே காணோமே" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். துணியைக் கழுத்தில் கட்டி, தண்ணீர் தெளித்து, சீப்பை வைத்ததும் அவரே சொல்லுவார். "பெண் பொறந்திருக்குடே" என்று ஒருவர் சிரிப்பார். இன்னொருவர் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வார். தொழில் படிக்க வருகிற பையனிடம் கத்தரியைக் கொடுப்பதற்கு முன்பு நான் சொல்லுகிற முதல் பாடம், தாடிக்குக் காரணம் கேட்காதே என்பதுதான்.

அப்பாவின் காலண்டர் வேறு. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஊர். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்தால் கார் நடவு. மழைக்காலத்தில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். வருசம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தாலும் அப்பாவுக்குக் கூலி அந்த அறுப்புகளின்போது களத்தில் அளக்கிற நெல்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைச் சவரம், சாவு வீட்டில் சங்கு, மூத்த மகனுக்கு மொட்டை, எல்லாம் அந்த நெல்லுக்குள் அடக்கம். பாட்டி பார்த்த பிரசவங்களும் அதற்குள்தான். தண்ணீர் வராமல் பயிர் கருகினால் அந்த வருசச் சவரத்துக்கெல்லாம் கூலி இல்லை. விளைந்த வருசத்திலும் மரக்காலைக் குவித்து அளப்பதா, தலை வழித்து அளப்பதா என்பது அளக்கிறவர் மனசு.

யாருக்கு வெட்டலாம், எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்பதும் அப்பா கையில் இல்லை. தாழ்த்தப்பட்டவர் முகத்தில் பட்ட கத்தி எங்கள் முகத்துக்கு வரக்கூடாது என்று ஊர் சொல்லும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955ல் வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்து சேர ரொம்ப காலம் பிடித்தது. சில ஊர்களுக்கு இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அப்பா கிராமத்தை விட்டுச் சந்திப்புக்கு வந்து ஒரு மர நாற்காலி போட்டதற்கு நெல் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். ரயிலடிப் பக்கம் கதவைத் திறந்து வைத்தால் யார் என்ன ஆள் என்று யாருக்குத் தெரியும்? வந்த வரிசைதான். "அடுத்து யாரு?" என்று அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார். அந்தக் காலத்துக்கு அது சின்னக் கேள்வி இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மனிதத் தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். கடைக்கு எவ்வளவு விளக்குப் போட்டாலும், ஏசி மாட்டினாலும், அது அதே வேகத்தில்தான் வளரும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் வருசத்தில் பத்து தடவை நாற்காலியில் உட்காருவார். அவரே நான்கு வாரத்தில் வந்தால் பதின்மூன்று தடவை. பழைய ஆட்கள் கேட்கிற 'மீடியம் கட்டிங்' ஒன்றரை மாதம் தாங்கும். கல்லூரிப் பையன்கள் கேட்கிற ஃபேடு, அதாவது பிடரியிலிருந்து மேலே போகப்போக மிஷினில் நிழல் மாதிரி ஏற்றிக்கொண்டு போவது, மூன்றாவது வாரமே கலைந்து தெரியும். ஃபேடைத் திட்டுகிற பெரியவர்கள் என் கடையில் நிறைய உண்டு. நான் வாயைத் திறப்பதில்லை.

என் கடையில் கட்டிங் 150 ரூபாய், சேவிங் 80. கட்டிங்குக்கு அரை மணி நேரம், சேவிங்குக்குக் கால் மணி. நிமிசத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விலைப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நான் விற்பது நாற்காலி நேரம். பஸ் கிளம்பிய பிறகு காலி சீட்டை விற்க முடியாத மாதிரி, கடைக்கு விடுமுறையான செவ்வாய் தவிர்த்த எந்த நாளிலும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சும்மா கிடக்கிற நாற்காலியை ராத்திரி விற்க முடியாது. ஞாயிறு காலையில் பத்துப் பேர் பெஞ்சில் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் பொறுமை இழந்து எழுந்து போவார்கள். அவர்களை எப்படி வியாழக்கிழமை மதியத்துக்குத் திருப்புவது என்பதுதான் இந்தத் தொழிலில் கத்தரியை விடக் கஷ்டமான வேலை. ஓய்வு பெற்ற வாத்தியார்களிடம் கேட்டேன்: "சார், வாரநாள் மத்தியானம் வாங்க, ஃபேன் அடியில உக்காந்து நிதானமா வெட்டிக்கிடலாம்." சிலர் மாறினார்கள். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே வேண்டும். பேச ஆள் கிடைக்குமே.

வேலையாட்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்கு. நாற்காலியில் நடந்த வேலையில் பாதி அவருக்கு, பாதி கடைக்கு. எங்கள் தொழிலில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். கடைக்கு வரும் பாதியில் வாடகை, இரண்டு மாதத்துக்கொரு கரண்ட் பில், பிளேடு, கிரீம், துண்டு வெளுக்கிற செலவு, டீ எல்லாம் போக வேண்டும். முன்பு மேசை டிராயரில் விழுகிற காசைக் கடை அடைக்கும்போது எண்ணிப் பிரித்தால் முடிந்தது. இப்போது முக்கால்வாசிப் பேர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்; வேலையாளுக்கோ அன்றைய பங்கு அன்று ராத்திரியே கையில் வேண்டும். கடை அடைத்ததும் ஏடிஎம்முக்கு நடப்பது புதிய வேலையாகச் சேர்ந்திருக்கிறது.

கார்த்திகையில் பாதி நாற்காலி காலி என்றால் பாதிப் பங்கும் காலி. ஆள் நிற்க மாட்டான். அதனால் ஐப்பசியில் தீபாவளி வருமானம் இருக்கும்போதே முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும். தொழில் தெரிந்த நம்மூர்ப் பையன்கள் குறைந்துவிட்டார்கள். அப்பன் செய்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று அவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. கிராமத்தில் அந்த வேலையோடு என்னென்ன சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் என் மூன்றாவது நாற்காலியில் நிற்கிறார். தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்டது "கிருதா வைக்கவா, எடுக்கவா?"

இனி, வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்க வேண்டியதும் கேட்காமல் விடுவதுமான விஷயம். அப்பாவிடம் ஒரே சவரக் கத்தி. சாணைக்கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, ஊருக்கெல்லாம் அதே கத்தி. எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் முழு பிளேடை இரண்டாக ஒடித்து, ஆளுக்கு ஒரு அரை பிளேடு மாட்டுகிற வழக்கம் ஊன்றியது. 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்டார்களே, அந்தச் சமயம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "புது பிளேடுதான?" என்று கேட்டுவிட்டுத்தான் முகத்தை நீட்டினார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை தொற்றும் சக்தியோடு இருக்கும். பிளேடு உறையைப் பிரிப்பதும், ஒடிப்பதும், பழையதை டப்பாவில் போடுவதும் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும்.

படிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீறல் பட்டால் அந்தக் கட்டியை நனைத்துத் தடவுவோம், ரத்தம் நின்றுவிடும். தோலைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்துகிற வேலையை அது ஒழுங்காகச் செய்யும். எல்லாக் கிருமியையும் கொல்லும் என்பது மட்டும் கடை நம்பிக்கை. ஒருவர் கீறலில் தேய்த்த கட்டியை அடுத்தவர் கீறலில் தேய்த்தால், புது பிளேடு மாற்றியதற்கு அர்த்தமே இல்லை. நான் கட்டியை உடைத்துப் பொடியாக்கி வைத்திருக்கிறேன். பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சைத் தூர எறிந்துவிடலாம். கத்தரி, சீப்பு, டிரிம்மர் பல் எல்லாவற்றையும் முதலில் முடி போகத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். முடி ஒட்டிய டிரிம்மரின் மேல் ஸ்பிரிட் தெளிப்பது வாசனைக்குத்தான் உதவும். படர்தாமரை இப்போது மாத்திரைக்கும் எளிதில் அடங்காமல் படுத்துகிறது. பிடரியில் வட்டமாகச் சிவந்திருப்பதைப் பார்த்தால், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று, "முதல்ல டாக்டரப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி" என்று காதோடு சொல்லிவிடுவேன். ஒருசிலர் திரும்பி வரவில்லை.

கழுத்தைச் சொடுக்குவதையும் நிறுத்திவிட்டேன். தலையில் எண்ணெய் தட்டி, தோளைப் பிசைந்து, கடைசியில் இரண்டு பக்கமும் 'சடக்' என்று திருப்பினால்தான் சிலருக்குக் காசு கொடுத்த திருப்தி. 2017ல் டெல்லிப் பக்கம் ஒருவருக்கு அப்படிச் சொடுக்கியதில், உதரவிதானத்தை இயக்குகிற நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது பத்திரிகைகளில் வந்தது. கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகவும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். "ஒரு சொடுக்குக்குப் போயி இவ்வளவு பேசுதீரே" என்று ஒரு பெரியவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.

2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தபோது, தொட்டால்தான் பிழைப்பு என்கிற எங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்துக் கடைகளுக்கு மே 19லும், சென்னை தவிர்த்த நகரங்களுக்கு மே 24லும் அனுமதி கிடைத்தது. ஜூன் மாதம் வருகிறவர்களின் ஆதார் விவரத்தைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிந்து வைத்திருந்தவர்களுக்கு நிவாரணப் பணம் வந்தது. பதியாமல் இருந்தவர்கள் அப்போதுதான் அட்டையைத் தேடினார்கள். அந்த இரண்டு மாதத்தில் பாதி வீடுகளில் டிரிம்மர் வாங்கிவிட்டார்கள். அப்போது போன சேவிங் வருமானம் முழுசாகத் திரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் தாடியை ஒதுக்கி வரம்பு எடுக்கிற வேலை வந்தது. விரதத்துக்கு வளர்த்த தாடி அழகாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டால் மலையிலிருந்து இறங்கிய சாமியும் அதற்கு மாறிவிடுகிறார்.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அன்றைக்குச் சந்திப்பு வரை வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால் நாற்காலி இருக்கை வரை சேறு. ஏற்றி இறக்குகிற ஹைட்ராலிக் அடிப்பகுதிக்குள் மண் போய் மூன்றில் இரண்டு நாற்காலி அசையவில்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதி ரசம் கறுத்துவிட்டது. கரண்ட் இல்லை, டிரிம்மருக்கு உயிர் இல்லை. பரணில் இருந்த அப்பாவின் கைமிஷினை எடுத்து எண்ணெய் விட்டு, வாசலில் ஸ்டூல் போட்டு வெட்டினேன். பேட்டரி தீராத சாமான் அது. மீரட்டிலிருந்து வருகிற என் கத்தரிகளும் சாணை பிடித்ததும் தேறிவிட்டன.

காத்திருக்கிற பெஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அப்பா காலத்தில் ஒரு 'தினத்தந்தி'யைத் தாள் தாளாகப் பிரித்து எட்டுப் பேர் படிப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் சத்தமாக வாசிப்பார். கட்சிப் பத்திரிகைகள் ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை, முடிதிருத்தும் கடை வழியாகத்தான். இன்று எட்டுப் பேரும் எட்டு போனில் இருக்கிறார்கள். ஆற்றோடு கீழே போனால் தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன் மாரியப்பன் தன் கடைக்குள்ளேயே நூலகம் வைத்து, புத்தகம் வாசிக்கிறவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு பேசியதும் நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த யோசனையில் ஒரு கடைக்காரனின் கூர்மையும் இருக்கிறது: நல்ல புத்தகத்தில் இருக்கிறவர் எழுந்து போக மாட்டார். நானும் ஒரு அலமாரி வைத்தேன். வெள்ளம் கொண்டுபோனது போக மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.

கோயில் மொட்டை வேலைக்குப் போகிற சொந்தக்காரர்களும் எனக்கு உண்டு. பங்குனி உத்திரத்துக்கு இந்தச் சீமையில் ஒவ்வொரு குடும்பமும் அதனதன் சாஸ்தா கோயிலுக்குப் போகும். காட்டுக்குள் இருக்கிற கோயிலில் குழந்தைக்கு முடியெடுக்க ஆள் வேண்டும். 2021 செப்டம்பரில் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை ரத்து செய்து, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அங்கே விழுகிற நீள முடி ஏலத்துக்குப் போகும். என் கடையில் விழுகிற அரை அங்குல முடியை யாரும் வாங்குவதில்லை, குப்பைதான். கால் விரல் இடுக்கில் அது முள்ளாக ஏறும். நின்றே செய்கிற வேலையால் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. எங்கள் வயசுக்காரர் யார் காலைப் பார்த்தாலும் இருக்கும்.

கடைசியாக, எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற சண்டை. தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் கடைகளுக்குச் செவ்வாய் விடுமுறை. அன்றைக்கு முடி வெட்டக்கூடாது என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம், சங்கம் காப்பாற்றி வருகிறது. ஊர்க் காலண்டர்களில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே நாள். அன்றைக்குத்தான் சாணைக்குக் கத்தரி போகும், டவுனில் சரக்கு வாங்குவேன், ஆற்றில் ஒரு முங்கு போடுவேன். இப்போது குளுகுளு வசதியோடு வந்திருக்கிற பெரிய கடைகள் செவ்வாயும் திறக்கின்றன. மகன் டிப்ளமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கிறான். நாமும் திறப்போம் என்கிறான்.

நான் என் கணக்கைச் சொன்னேன். "செவ்வாக்கெழம கடை தெறந்தா முடி கூட வளருமாடே? அன்னைக்கு வாறவன் புதன்கெழம வரப்போறவன்தான. கரண்டும் டீயும்தான் கூட."

"செவ்வாக்கெழம அங்க போயி வெட்டிக்கிட்டவன், புதன்கெழம நம்மகிட்ட எதுக்குப்பா வரணும்?" என்றான்.

வருகிற மாதம் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருக்கிறோம். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்.